சகலை பார்த்த வண்டி

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்துத் தொழில் செய்துவந்த சென்னியப்பனுக்கு ஒரு குரு இருந்தார். குருவுக்குச் சீடரைவிட இருபது வயது குறைவு.

சங்ககிரி மலையடிவாரத்தில் ஒரு சமாதி இருக்கிறது. அதில் அடங்கியவர் பெரியசாமி. அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு கூடவே இருந்தவரை ஊரார் குட்டிச்சாமி என்றார்கள். பெரியவர் போன பிறகும் அந்தப் பேர் மாறவில்லை. தலை பாதி நரைத்தும் குட்டிச்சாமிதான்.

அங்கே தண்ணீர் கிடையாது. யாரோ சொல்லிவிட்டார்கள் என்று சென்னியப்பன் ஒரு நாள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, கூலி வாங்காமல் போர் போட்டுக் கொடுத்தார். பக்தி ஒன்றும் இல்லை. வண்டி அந்தப் பக்கம் சும்மா நின்றிருந்தது, அவ்வளவுதான்.

பாறையை மிஷின் குடைந்துகொண்டிருந்தது. புழுதிக்கு ஒதுங்கி இரண்டு பேரும் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தார்கள். பொழுது போகவேண்டுமே என்று சென்னியப்பன் தொழில் கதை பேசினார்.

"தண்ணி எத்தனை அடியில வரும்னு எவனும் கேக்க மாட்டானுங்க சாமி. கேக்கறது வேற."

"என்ன கேப்பாங்க?"

சென்னியப்பன் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பாதி மூடிக்கொண்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு பக்கத்துத் தோட்டத்து வேலி அங்கே இருப்பதுபோல் கண்ணால் காட்டி, குரலை இறக்கிக் கேட்டார்.

"அவனுது எத்தனை அடிங்க?"

குட்டிச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சென்னியப்பன் உற்சாகமாகி மிச்சத்தையும் சொன்னார். அறுநூறு என்றால் எழுநூறு போடச் சொல்வார்கள். எழுநூறு என்றால் எண்ணூறு. கொங்கணாபுரத்துப் பக்கம் ஒருவருக்கு முந்நூறு அடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது. இளநீர் மாதிரி தண்ணீர். போதுங்க, நிறுத்திக்கலாம் என்று சென்னியப்பனே சொன்னார். அந்த ஆள் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தார். நன்றாயிருக்கிறது என்றார். வாயைத் துடைத்துக்கொண்டு வேலியைப் பார்த்தார். பக்கத்துத் தோட்டத்தில் எழுநூறு போட்டிருந்தார்கள். எண்ணூறு போடச் சொல்லிவிட்டார். கீழே பாறைக்குள் ஒரு வெற்று வெடிப்பு இருந்திருக்கிறது. மேலே வந்த தண்ணீர் அத்தனையும் அதில் இறங்கிப் போய்விட்டது. குழாயில் காற்றுதான் வந்தது.

"அப்புறம் என்ன சொன்னாரு?"

"ரொம்ப நேரம் குழியையே பாத்துட்டு நின்னாருங்க. அப்புறம் எங்கிட்ட வந்து, 'அவனுக்குத் தெரிய வேண்டாங்க'ன்னாரு."

குட்டிச்சாமி சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தே விட்டார்.

தன் கதைக்கு ஒருவர் இப்படிச் சிரித்துச் சென்னியப்பன் பார்த்ததில்லை. அன்றிலிருந்து வாரம் தவறாமல் அங்கே போனார். ஞானம் கிடைத்தது என்று சொல்ல முடியாது. கதை கேட்க ஆள் கிடைத்தார். அதற்கே அவர் சீடராகிவிட்டார்.

வீட்டில் கதை கேட்க ஆள் இல்லாமல் போனதற்குக் காரணம் பொன்னுரங்கம் என்பது அவர் எண்ணம்.

பொன்னுரங்கம் அவருக்குச் சகலை. ராசிபுரத்து மாமனார் முருக பக்தர். மூத்தவளுக்குத் தெய்வானை என்றும் இளையவளுக்கு வள்ளி என்றும் பேர் வைத்தார். மூத்தவளைக் கட்டியவர் சென்னியப்பன். பேர் வைத்த அன்றைக்கே தன் பாடு தீர்மானமாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். தெய்வானை வீட்டு வாசலில் எந்தக் கதையில் கூட்டம் நின்றிருக்கிறது?

மாமனார் வீட்டுக்குச் சென்னியப்பன் போனால், மாமனார் எழுந்து நின்று "வாங்க மாப்பிள்ளை" என்பார். நாற்காலி வரும். மின்விசிறி அவர் பக்கம் திரும்பும். பிறகு பேச்சு இருக்காது. பொன்னுரங்கம் உள்ளே வந்தால் யாரும் எழ மாட்டார்கள். "வந்துட்டியாய்யா" என்று உட்கார்ந்தபடியே மாமனார் கையை நீட்டுவார். பொன்னுரங்கம் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் சிரிப்புதான். மரியாதையெல்லாம் மூத்தவருக்கு, சிரிப்பெல்லாம் இளையவருக்கு. பங்கு பிரித்தது யார் என்று தெரியவில்லை.

இவ்வளவுக்கும் பொன்னுரங்கம் கெட்டவர் அல்ல. ராசிபுரத்திலேயே ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்தார். சென்னியப்பனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்து கவனித்தவர் அவர்தான். நர்சுகள் எல்லாரும் அவரை அண்ணா அண்ணா என்றார்கள். நோயாளி யார் என்று ஒரு கட்டத்தில் சென்னியப்பனுக்கே சந்தேகம் வந்தது. அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த வருஷம் ஆடி விருந்தில் பொன்னுரங்கம் ஒரு வண்டியைப் பற்றிப் பேசினார்.

சின்ன வயதில் அவர் ஏற்காட்டில் ஹாஸ்டலில் இருந்து படித்தவர். எஸ்டேட் டாக்டர் ஒருவரிடம் ஒரு அமெரிக்க வண்டி இருந்ததாம். எட்டு சிலிண்டர். இரண்டே கதவு. வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே ஹாஸ்டல் ஜன்னல் கண்ணாடியெல்லாம் முனகுமாம். சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டுப் பையன்கள் ஓடுவார்களாம். டாக்டர் போன வருஷம் காலமாகிவிட்டார். மகள் வண்டியை விற்கப் போகிறார்.

"மஸில் கார்னு சொல்லுவாங்க மாமா."

"அதென்னய்யா மசிலு?"

"மம்மட்டி புடிச்சவன் தோள்பட்டை இருக்குதுங்களே, அதாட்டம். பானெட்டைப் பாத்தா தெரியும்."

மாமனார் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். தெய்வானையும் சிரித்தாள். அதைச் சென்னியப்பன் பார்த்தார்.

ஜவ்வரிசி விலை இறங்கிக் கிடக்கிறது, தீபாவளிக்குச் சரக்குப் போனதும் வண்டியை இறக்கிவிடுவேன் என்றார் பொன்னுரங்கம். அப்புறம் இலைக்கு எதிரே இருந்த சென்னியப்பனைப் பார்த்து, "சகலை, மொதல் ரவுண்டு உங்களைத்தான் ஏத்தணும். நீங்க முன்னாடி உக்காருங்க. மத்தவங்க பொறவு" என்றார்.

சென்னியப்பன் இலையை மூடினார். பொன்னுரங்கம் வண்டியை வாங்கியே விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். தன்னை முதலில் ஏற்றுவேன் என்றதைப் பொறுக்க முடியவில்லை.

கை கழுவும் இடத்தில், பேச்சுவாக்கில் கேட்பதுபோல் அந்த டாக்டர் பங்களா எங்கே இருக்கிறது என்று கேட்டார். பொன்னுரங்கம் துண்டால் கை துடைத்தபடி பேர் சொன்னார், வழி சொன்னார், கேட்டுக்கு முன்னால் நாய் இருக்கும் என்பதையும் சொன்னார்.

வண்டி என்றால் எத்தனை டன் இழுக்கும் என்று பார்க்கிற ஆள் சென்னியப்பன். காரின் அழகை அவர் பார்த்ததே இல்லை. இப்போது எட்டு சிலிண்டர் என்ற சொல் அவர் மண்டைக்குள் குடியேறிவிட்டது. பாறை குடையும் சத்தத்திலும் அதுவே கேட்டது. ஏற்காட்டுக்குப் போன் போட்டார். டாக்டர் மகள் பெயர் எஸ்தர். தீபாவளிக்கு முன்னால் மகனிடம் வெளிநாடு போகவேண்டும், இன்னொருவரும் கேட்டிருக்கிறார், யார் முதலில் முன்பணம் கொண்டுவந்தாலும் சரி என்றார்.

தெய்வானையிடம் சொன்னார். அவள் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"அந்த வண்டி நம்ம வாசல்ல நின்னா, வள்ளி நம்ம வாசலுக்கு வரமாட்டா."

அக்காவும் தங்கையும் தினம் சாயங்காலம் போனில் பேசுவார்கள். தெய்வானை வாசற்படியில் உட்கார்ந்து பேசுவாள். அவள் சிரிப்பு தெருமுனை வரைக்கும் போகும். அன்று போன் வந்ததும் உள்ளே எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. அந்த வீட்டில் சிரிப்பு என்று இருந்ததே அந்த ஒரு நேரம்தான் என்பது சென்னியப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தும், மறுநாள் காலையில் முன்பணத்தைத் தோல்பையில் எடுத்துவைத்துக்கொண்டு சங்ககிரிக்குப் போனார்.

குட்டிச்சாமி குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"பழைய வண்டி ஒன்னு வருதுங்க சாமி. வாங்கலாமா?"

"தேவைங்களாண்ணா?"

"தேவைன்னு பாத்தா எதுதான் தேவைங்க."

"அதுவும் சரிதான். புடிச்சிருக்குதா?"

"நல்ல வண்டின்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

சென்னியப்பன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"பொன்னுரங்கம்."

குட்டிச்சாமி கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார். "நானும் வர்றேன். மலைக்குப் போயி நாளாச்சு" என்றார்.

மலை ஏறும்போது அவர் வளைவுகளின் எண்களை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். குரங்குகளைப் பார்த்துச் சிரித்தார். வண்டியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. சென்னியப்பன்தான் பேசினார். ஆடி விருந்தைச் சொன்னார். ஆஸ்பத்திரியைச் சொன்னார். மாமனார் நீட்டிய கையைச் சொன்னார். மலை முடியும்வரை வந்தும் அவர் பேச்சு முடியவில்லை.

பங்களா வாசலில் பொன்னுரங்கம் சொன்னபடியே நாய் இருந்தது. எஸ்தர் அம்மாள் அதைப் பிடித்துக் கட்டிவிட்டு அவர்களைப் பின்பக்கம் தகரக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

வருஷக்கணக்கில் ஓடாத வண்டி, புழுதி படிந்து கிடக்கும், விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்று சென்னியப்பன் கணக்குப் போட்டிருந்தார். போர்வையை விலக்கியதும் வண்டி பளபளத்தது. கரும்பச்சை. முன்பக்கம் நீண்டு, பின்பக்கம் ஒடுங்கி, பாயப் போகிற காளை மாதிரி நின்றது.

"அந்த ராசிபுரம் சார் வந்தா இதைத் தொடைக்காம போகமாட்டார்" என்றார் எஸ்தர் அம்மாள். "ஞாயித்துக்கெழமை வருவார். அவரே துணி கொண்டுவருவார். பேட்டரியைக்கூட அவர்தான் பாத்துக்கறார். எங்கிட்ட அதிகமாப் பேசறதில்ல. பேச்செல்லாம் வண்டிகிட்டதான்."

சென்னியப்பன் வண்டியை மறுபடி பார்த்தார். பளபளப்பு முழுக்கப் பொன்னுரங்கத்தின் கை. தான் வாங்கப்போகும் வண்டியில் தனக்கு முன்னாலேயே அவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

குட்டிச்சாமி அதற்குள் வலப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார். முன்னால் தடவினார்.

"ஸ்டியரிங்கைக் காணமே?"

"அமெரிக்க வண்டிக்கு இடப்பக்கம் சாமி" என்று எஸ்தர் அம்மாள் சிரித்தார்.

"அப்ப நான் சும்மா வர்ற ஆளு. நீங்க வாங்கண்ணா."

சென்னியப்பன் சுற்றிப்போய் இடப்பக்கம் ஏறினார். பையை மடியில் வைத்துக்கொண்டார். கைக்கு எதுவும் பழகிய இடத்தில் இல்லை. கல்யாண வீட்டில் மாற்றிச் செருப்புப் போட்டதுபோல் இருந்தது.

"வாங்கிட்டு என்ன பண்ணுவீங்க?" என்றார் குட்டிச்சாமி.

"தீபாவளிக்கு ராசிபுரம் எடுத்துட்டுப் போவேன்."

"அப்புறம்?"

"மாமனார் வாசல்ல நிறுத்துவேன்."

"அப்புறம்?"

"பொன்னுரங்கம் வருவான். பாப்பான்."

"பாத்தாரு. அப்புறம்?"

சென்னியப்பன் யோசித்தார். அந்த இடத்துக்கு மேல் அவர் போனதே இல்லை. எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பொன்னுரங்கத்தின் முகம் சுருங்குவதோடு காட்சி நின்றுவிடும்.

"அப்புறம் என்னங்க. கை கழுவிட்டுச் சாப்பிட உக்காருவோம்."

"பக்கத்துல பக்கத்துலயா?"



எஸ்தர் அம்மாள் சாவியைக் கொடுத்துக் கிளப்பிப் பார்க்கச் சொன்னார். சென்னியப்பன் சாவியைத் திருகினார். வண்டி ஒருமுறை இருமியது. பிறகு எழுந்தது.

அது சத்தம் என்று சொல்வதற்கில்லை. முதலில் இருக்கை வழியாக முதுகில் ஏறியது. பிறகு நெஞ்சுக்கு வந்தது, ஆபரேஷன் தழும்பு இருக்கும் இடத்துக்கு. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அலமாரியில் பழைய மருந்து பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. வாழ்நாள் முழுக்க எஞ்சின்களோடு இருந்தவர் சென்னியப்பன். இப்படி ஓர் எஞ்சினை அவர் கேட்டதில்லை. அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. தட்டைப் போட்டுவிட்டு ஓடுகிற பையன் முகம் அவருக்கு வந்திருந்தது. மாமனார் இல்லை, ஆலை இல்லை, ஆடி இல்லை.

குட்டிச்சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சென்னியப்பனுக்கு ஒரு நினைப்பு வந்தது. இந்தச் சத்தம் ராசிபுரத்துத் தெருவில் கேட்கவேண்டும். பொன்னுரங்கம் இலையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கவேண்டும்.

அவ்வளவுதான். நெஞ்சில் இருந்தது எங்கோ இறங்கிப் போய்விட்டது. எஞ்சின் என்னமோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. காதில் விழுந்ததே தவிர, உள்ளே வரவில்லை.

எஸ்தர் அம்மாள் ஜன்னலருகே குனிந்தார். ராசிபுரம் சார் தீபாவளி வரைக்கும் தவணை கேட்டிருக்கிறார், தன்னால் காத்திருக்க முடியாது, அவரிடம் சொல்லும்போது தனக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார். இன்றைக்கு முன்பணம் கொடுத்தால் இன்றைக்கே பேசி முடித்துவிடலாம்.

சென்னியப்பன் பையின் ஜிப்பைப் பாதி திறந்தார். கை அங்கேயே நின்றது. வள்ளி வராத வாசற்படி கண்ணில் வந்தது. அதன் மேலேயே பொன்னுரங்கத்தின் முகமும் வந்தது. எது முன்னால் எது பின்னால் என்று தெரியவில்லை.

"சாமி, எனக்கு ஒன்னும் ஓடலைங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. குடுத்துடட்டுங்களா?"

குட்டிச்சாமி கதவைத் திறந்து இறங்கினார். வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்தார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சென்னியப்பனின் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டார். அதை வைத்து வாயைப் பாதி மூடிக்கொண்டார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். கொட்டகை வாசலுக்கு வெளியே, மலைக்குக் கீழே ராசிபுரம் இருக்கும் திசையைக் கண்ணால் காட்டினார். ஜன்னலுக்குள் குனிந்து, குரலை இறக்கிக் கேட்டார்.

"அவனுது எத்தனை அடிங்க?"

எஸ்தர் அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமி ஏதோ வேடிக்கை செய்கிறார் என்று சிரித்தார்.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. வண்டியை அணைத்தார். பாட்டில்கள் கொஞ்ச நேரம் கிணுகிணுத்துவிட்டு அடங்கின.